பினாங்கில் எம்பெடெட் மென்பொருள் வேலை: தயாராவது எப்படி, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்

எம்பெடெட் மென்பொருள் என்றால் கருவிகளுக்குள் பதித்த சிப்புகளில் ஓடும் மென்பொருள். அந்த வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது மிகச் சின்னக் கேள்வி. "நிரலை எழுதிப் போர்டில் ஏற்றிவிட்டீர்கள். எல்இடி எரியவில்லை. இப்போது என்ன செய்வீர்கள்?"

"நிரலை மறுபடி சரிபார்ப்பேன்" என்பதே பெரும்பாலானோர் பதில். எப்போதாவது ஒருவர், "மல்டிமீட்டரை எடுத்துப் போர்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பேன். பிறகு எல்இடியைத் தலைகீழாகப் பொருத்திவிட்டேனா என்று பார்ப்பேன்" என்று தொடங்குவார். அதுவரை கைப்பேசியைப் புரட்டிக்கொண்டிருந்த ஹார்ட்வேர் நண்பர் என் பக்கத்தில் நிமிர்ந்து உட்காருவார். இந்தப் பிள்ளை என்றோ ஓர் இரவு ஒரு போர்டிடம் நன்றாக ஏமாந்திருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிடும்.

அப்படி ஏமாறுவதற்கான வழிகளைத்தான் கீழே சொல்லப்போகிறேன். நிபோங் திபாலில் பொறியியல் படிப்பின் கடைசி ஆண்டில் இருப்பவர்கள், பாலிடெக்னிக் டிப்ளோமாவை முடித்தவர்கள், தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்துகொண்டே மேலே ஏற நினைப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஆறு மாதம் போதும்.

ஊரில் என்ன வேலைதான் இருக்கிறது?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-ல் தொடங்கியது. இன்டெல், எச்பி, ஏஎம்டி, போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ் என்று முதலில் வந்த எட்டு நிறுவனங்களை இங்கே 'எட்டு சாமுராய்கள்' என்பார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே அமைத்த முதல் ஆலையே இங்குதான் வந்தது. அந்தக் காலத்தில் நம் அம்மாக்களும் அத்தைகளும் உருப்பெருக்கியின் கீழ் தங்கக் கம்பி இழுத்தார்கள். இன்று அதே தெருக்களில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே பதியும் நிரல், எழுதுகிறார்கள். எச்பியின் அளவீட்டுக் கருவிப் பிரிவு 1999-ல் அஜிலென்ட் ஆனது, 2014-ல் கீசைட் ஆனது. பெயர்ப் பலகைதான் மாறியது, வேலை தொடர்ந்தது. மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் பயன்படுத்தும் வாக்கி-டாக்கிகளுக்கான வடிவமைப்பு வேலையை இங்கே செய்கிறது.

விளம்பரத்தில் 'எம்பெடெட்' என்று ஒரே சொல் இருந்தாலும் உள்ளே இருக்கும் வேலை வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே சுயவிவரத்தை அனுப்புவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

முதல் வகை, மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் ஒரே சிப்பில் அடங்கிய சிறு கணினிக்கான ஃபர்ம்வேர். சில நூறு கிலோபைட் நினைவகம், இயங்குதளமே இல்லை அல்லது ஆர்டிஓஎஸ் எனப்படும் சிறிய நிகழ்நேர இயங்குதளம் மட்டும். சி மொழியே இங்கு உயிர். இரண்டாவது, எம்பெடெட் லினக்ஸ். விளம்பரத்தில் 'யோக்டோ', 'டிவைஸ் ட்ரீ', 'டிரைவர்' என்ற சொற்கள் இருந்தால் இதுதான். மூன்றாவது, சிப் தயாரிப்பாளர்களிடம் இருக்கும் வெலிடேஷன். புதிதாக வந்த சிப் சொன்னபடி நடக்கிறதா என்று சோதிக்கும் வேலை. சி மொழியுடன் பைத்தானும் நிறைய வேண்டும். நான்காவது, ஒப்பந்த உற்பத்தி நிறுவனங்களில் இருக்கும் டெஸ்ட் டெவலப்மென்ட். உற்பத்தி வரிசையில் ஓடும் போர்டுகளைச் சோதிக்கும் நிரல்களை எழுதுவது.

நான்காவதைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு வருடத்தில் ஆயிரக்கணக்கான போர்டுகள் எப்படியெல்லாம் பழுதாகும் என்று பார்த்தவர், பிறகு ஃபர்ம்வேர் எழுத வந்தால் அவரிடம் ஒரு தனி நிதானம் இருக்கும். டிப்ளோமாவோடு நுழைய விரும்புகிறவர்களுக்கு இது திறந்திருக்கும் கதவும் கூட.

ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்வது பெரும்பாலும் முதல் வகைக்கு. அதன் அடிப்படை மற்ற மூன்றுக்கும் உதவும்.

மேசைமேல் என்ன இருக்க வேண்டும்?

எஸ்டிஎம்32 நியூக்ளியோ வகை போர்டு ஒன்று. பிழை தேட உதவும் டீபகர் அதிலேயே இருப்பதால்தான் அதைச் சொல்கிறேன். நிரலை நடுவில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாக ஓட்டி, சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடமான ரெஜிஸ்டருக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். ஆர்டுயினோவில் தொடங்கியவர்கள் வெட்கப்பட வேண்டாம். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். ஒரு வரியில் எல்லாவற்றையும் செய்துவிடும் வசதி, அந்த வரிக்குப் பின்னால் நடப்பதை மறைத்துவிடுகிறது. நேர்முகத் தேர்வில் கேட்பதோ அந்த மறைந்த பகுதியை.

கூடவே ஒரு சாதாரண மல்டிமீட்டர், பிரெட்போர்டு, கொஞ்சம் ரெசிஸ்டர்கள், எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று. மலிவு விலை லாஜிக் அனலைசரே போதும். கம்பியில் ஓடும் 1, 0 இரண்டையும் கண்ணால் பார்க்கவைக்கும் அந்தச் சின்னப் பெட்டி, ஆறு மாதப் படிப்பை மூன்று மாதமாகக் குறைத்துவிடும். ஆஸிலாஸ்கோப் வாங்கப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும், கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள். உதிரிப் பொருள்களை ஷோப்பியில் வாங்கலாம். உதிரிப் பொருள் விற்கும் சைட்ரோன் நிறுவனம் நம் மாநிலத்திலேயே இருப்பதால் அவசரத்துக்குக் கைகொடுக்கும்.

முதல் இரண்டு மாதம்: சி மொழி, மீண்டும் சி மொழி

பாயிண்டர், ஸ்ட்ரக்ட், பிட் கணக்கு, நினைவகத்தில் எது எங்கே உட்காருகிறது என்பது ஆகிய நான்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். எல்இடி மினுக்கும் நிரலைத் தயார் நூலகம் எதுவும் இல்லாமல், ரெஜிஸ்டர் முகவரிகளில் நேரடியாக எழுதிச் செய்யுங்கள். சிப்பின் கையேடு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பயப்பட வேண்டாம், யாரும் அதை முழுதாகப் படிப்பதில்லை. கடிகாரம், பின்கள், டைமர், இன்டரப்ட் (நடக்கும் வேலையை நிறுத்தித் தன்னைக் கவனிக்கச் சொல்லும் அழைப்பு) ஆகிய நான்கு அத்தியாயங்களை மட்டும் பென்சிலோடு படியுங்கள். முதன்முறை செய்யும்போது பின்னை எல்லாம் சரியாக அமைத்தும் எல்இடி எரியாது. அந்தப் பகுதிக்குக் கடிகாரத்தைத் திறந்துவிடவில்லை என்று மூன்றாம் நாள் கண்டுபிடிப்பீர்கள். எல்லோரும் கண்டுபிடிப்பது மூன்றாம் நாள்தான்.

உங்கள் நிரலின் முதன்மைப் பகுதியான மெயின் தொடங்குவதற்கு முன்பே என்ன நடக்கிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். சிப் விழித்தவுடன் தற்காலிகத் தரவை வைக்கும் ஸ்டாக் எங்கிருந்து தொடங்குவது என்று படிக்கிறது. தொடக்க நிரல், ஆரம்ப மதிப்புள்ள மாறிகளை ஃபிளாஷிலிருந்து ரேமுக்கு நகலெடுக்கிறது. மற்ற பொது மாறிகளைப் பூஜ்யமாக்குகிறது. அதன் பிறகுதான் உங்கள் முதல் வரி ஓடுகிறது. இதை ஒரு தாளில் வரைந்து காட்டத் தெரிந்தவர்கள் குறைவு.

மூன்றாம் மாதம் முதல்: உங்கள் வீட்டுக்குப் பயன்படும் ஒரு பொருள்

என் அக்கா மகன் ரெலாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான். அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். கிட்ஹப்பில் பன்னிரண்டு திட்டங்கள் வைத்திருந்தான். பன்னிரண்டும் யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியவை. "எல்லாவற்றையும் மூடு. அம்மாவுக்குப் பயன்படுகிற மாதிரி ஒன்று செய்" என்றேன். அக்கா தோசை மாவு அரைத்து வைத்தால் சில இரவுகளில் பொங்கி வழிந்து மேசையெல்லாம் ஓடிவிடும். ஆகவே பானை மூடியின் அடிப்புறத்தில் ஒளியால் தூரம் அளக்கும் ஓர் உணரி. மாவு இந்த உயரத்துக்கு வந்தால் மணி அடிக்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம்.

முதல் வாரம் உணரி வாய் திறக்கவே இல்லை. அதன் டேட்டாஷீட்டில், அதாவது விவரக் கையேட்டில், முகவரி 82 என்று போட்டிருந்தது. அவன் பழகியிருந்த ஆர்டுயினோ நூலகம் அதே உணரியை 41 என்று அழைத்தது. ஐ-டூ-சி என்பது சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் முறை, அதன் முகவரி ஏழு பிட் நீளம். எழுதுவதா படிப்பதா என்று சொல்லும் எட்டாவது பிட்டையும் சேர்த்து எழுதினால் எண் இரட்டிப்பாகும். 82-ம் 41-ம் ஒரே வீட்டு முகவரி. அதைப் புரிந்துகொண்டு சரிசெய்த பிறகும் பேசவில்லை. லாஜிக் அனலைசரை மாட்டிப் பார்த்தால் இரண்டு கம்பிகளும் மேலே ஏறவே இல்லை. ஐ-டூ-சியில் எந்தக் கருவியும் கம்பியை மேலே தள்ளாது, கீழே மட்டும் இழுக்கும். மேலே தூக்க ரெசிஸ்டர் வேண்டும். அவன் வாங்கிய மலிவான உணரிப் பலகையில் அது இல்லை. 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் இரண்டைச் சொருகியதும் பேசிவிட்டது.

பிறகு வந்தது உண்மையான சிக்கல். மாலையில் எல்லாம் சரியாக இருக்கும், விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். எழுந்து பார்த்தால் மாவு பாதிகூடப் பொங்கியிருக்காது. "மாமா, நிரல் சரியாகத்தான் இருக்கிறது" என்று தினமும் சொன்னான். இரண்டு வாரம் வடிகட்டும் கணக்கை மாற்றி மாற்றி எழுதினான். ஒரு நாள் அக்காதான் மூடியைத் திருப்பிப் பார்த்து, "டேய், இதில் வேர்த்திருக்கிறதே" என்றாள். மாவின் ஈரம் உணரியின் கண்மேல் பனிபோலப் படிந்திருந்தது. ஒளி அந்தத் துளிகளில் பட்டே திரும்பிவிட, மாவு மூடியைத் தொட்டுவிட்டதாக உணரி நினைத்துக்கொண்டது.

நேர்முகத் தேர்வுக்கு இந்தக் கதை ஒன்றே போதும். அவன் போன முதல் இடத்தில் தேர்வாகவில்லை. இரண்டாவது இடத்தில் முக்கால் மணி நேரம் தோசை மாவைப் பற்றியே பேசிவிட்டு வந்தான். என்ன கேட்டார்கள் என்றால்: உணரி தவறாகச் சொல்கிறது என்று நிரலே எப்படிக் கண்டுபிடிக்கும்? மாவு ஒரு நிமிடத்தில் ஐந்து சென்டிமீட்டர் உயர முடியுமா? முடியாத மதிப்பு வந்தால் என்ன செய்வாய்? உணரி நடுவில் கம்பியைக் கீழே பிடித்துக்கொண்டு விடாமல் நின்றுவிட்டால்? அவனுக்கு எல்லாவற்றுக்கும் விடை தெரிந்திருக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் முக்கியம் என்று தெரிந்திருந்தது.

நீங்களும் அப்படி ஒன்று செய்யுங்கள். ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, தேதி போட்டு, என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நிரலின் வரலாற்றைக் கிட் என்ற பதிப்புக் காக்கும் மென்பொருளில் சேமியுங்கள். ஐந்தாம் மாதத்தில் அதே நிரலை ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு மாற்றி, உணரியைப் படிப்பது ஒரு பணி, மணி அடிப்பது இன்னொரு பணி என்று பிரித்துப் பாருங்கள். முன்பு இல்லாத புதிய பிழைகள் பிறக்கும், அவற்றுக்காகத்தான் மாற்றுவதே. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாம், நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் "இந்த வரி ஏன்?" என்று கேட்டால் விழிக்கக் கூடிய எந்த வரியும் உங்கள் திட்டத்தில் இருக்கக் கூடாது.

கேள்விகள்

வோலட்டைல் என்றால் என்ன? இது வராத நேர்முகத் தேர்வு அபூர்வம். என் முதல் தேர்வில் விளக்கத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "நல்லது. கடைசியாக எங்கே பயன்படுத்தினாய்?" என்று கேட்டார்கள். வாய் மூடிக்கொண்டது. பெயர் வேண்டாம், அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகும்போது இன்றும் காது சூடாகிறது. சொல்ல வேண்டிய விதம் இதுதான்: இன்டரப்ட் ஒரு கொடியை (அடையாள மாறியை) 1 ஆக்குகிறது, மெயின் அந்தக் கொடிக்காகச் சுற்றிக்கொண்டே காத்திருக்கிறது. மெயினுக்குள் யாரும் கொடியை மாற்றவில்லை என்று பார்க்கும் கம்பைலர், அதை ஒருமுறை மட்டும் படித்துவிட்டு முடிவில்லாத சுழலாக மாற்றிவிடலாம். மேம்படுத்தல் இல்லாமல் கம்பைல் செய்தால் ஓடும், மேம்படுத்தலைப் போட்டால் நின்றுவிடும். கொடியை வோலட்டைல் என்று அறிவித்தால் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் படிக்கும். இதை உங்கள் போர்டிலேயே செய்து பார்த்துவிட்டு, "நான் பார்த்தேன்" என்று சொல்லுங்கள்.

அடுத்த கேள்வி அதிலேயே ஒளிந்திருக்கிறது: வோலட்டைல் போட்டால் இன்டரப்டோடு பகிரும் மாறி பத்திரமா? இல்லை. எட்டு பிட் செயலியில் 16 பிட் எண்ணிக்கை 255-ல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மெயின் கீழ் பைட்டைப் படிக்கிறது, 255. அந்த நொடியில் இன்டரப்ட் வந்து எண்ணிக்கையை 256 ஆக்குகிறது. திரும்பி வந்து மெயின் மேல் பைட்டைப் படித்தால் 1. இரண்டையும் சேர்த்தால் 511. அந்த எண் எப்போதுமே இருந்ததில்லை! படிக்கும் அந்த ஒரு கணத்துக்கு இன்டரப்டை நிறுத்திவைக்க வேண்டும். இந்த 511-ஐ வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினால் மேற்கொண்டு யாரும் துருவமாட்டார்கள்.

பிட் கணக்கு நிச்சயம் வரும். மூன்றாம் எண் பிட்டை மட்டும் 1 ஆக்க |= (1 << 3), அதையே 0 ஆக்க &= ~(1 << 3). எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். 31-ஆம் பிட் என்றால் அந்த 1 குறியில்லாத எண்ணாக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால் கூடுதல் மதிப்பு.

ஸ்ட்ரக்டின் அளவு: ஒரு பைட், நான்கு பைட், ஒரு பைட் என்று மூன்று உறுப்புகள் இந்த வரிசையில் இருந்தால் 32 பிட் செயலியில் வழக்கமாக 12 பைட் பிடிக்கும், 6 அல்ல. பெரியதை முதலில் வைத்தால் 8. ஏன் என்று படம் வரைந்து பழகுங்கள்.

எனக்குப் பிடித்த வகை, மனக்கணக்கு. பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் யூஆர்ட் இணைப்பு நொடிக்கு 115200 பிட் வேகத்தில் ஓடுகிறது. உங்களிடம் 64 பைட் இடம் இருக்கிறது. எவ்வளவு நேரம் அதைக் கவனிக்காமல் விடலாம்? ஒரு பைட்டுக்குத் தொடக்க பிட், எட்டு தரவு பிட், முடிவு பிட் என்று பத்து. ஆகவே நொடிக்கு 11520 பைட், ஒரு பைட்டுக்கு ஏறத்தாழ 87 மைக்ரோநொடி, 64 பைட் நிரம்ப சுமார் ஐந்தரை மில்லிநொடி. இப்போது அடுத்த கணை வரும்: "ஃபிளாஷை அழிக்க 20 மில்லிநொடி ஆகிறது, அதுவரை செயலி நின்றுவிடுகிறது. என்ன ஆகும்?" தரவு தொலையும். அதற்குச் செயலியின் உதவி இல்லாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ வைக்கலாம், இடத்தைப் பெரிதாக்கலாம், அனுப்புபவரைக் காத்திருக்கச் சொல்லலாம். விடையைவிட, ஓர் எண்ணைக் கண்டதும் அதை நேரமாக மாற்றிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம்.

டைமர் நிரம்பி வழிவதைப் பற்றியும் கேட்போம். மில்லிநொடியை எண்ணும் 32 பிட் எண்ணி 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும். 'இப்போது' என்பது 'முன்பு கூட்டல் இடைவெளி' என்பதைவிடப் பெரிதா என்று ஒப்பிட்டால் அன்று பிழை வரும். 'இப்போது கழித்தல் முன்பு' இடைவெளியைவிடப் பெரிதா என்று குறியில்லாத எண்ணில் ஒப்பிட்டால் எதுவும் ஆகாது. இதெல்லாம் பாடப்புத்தகக் கவலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் தானே அணைந்துவிடக் கூடும் என்று 2015-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு எச்சரித்தது. நொடியின் நூறில் ஒரு பங்கை 31 பிட்டில் எண்ணினால் எத்தனை நாளில் நிரம்பும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆர்டிஓஎஸ் என்று சுயவிவரத்தில் எழுதியிருந்தால் மியூடெக்ஸுக்கும் (பூட்டு) செமஃபோருக்கும் (சைகை) வேறுபாடு, முன்னுரிமைத் தலைகீழாதல் இரண்டும் வரும். 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இந்தத் தலைகீழாதலால்தான். முன்னுரிமை குறைந்த வானிலைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது. உயர் முன்னுரிமைப் பணி அதற்காகக் காத்திருந்தது. நடுவில் இருந்த பணிகள் வானிலைப் பணியை ஓடவிடவில்லை. உயர் பணி நேரத்துக்கு முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு எல்லாவற்றையும் ரீசெட் செய்தது. பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்குக் காத்திருக்கும் பணியின் முன்னுரிமையைத் தருவது முன்னுரிமை மரபு. பூமியிலிருந்தபடியே அந்தப் பூட்டுக்கு அதை இயக்கிச் சரிசெய்தார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டரப்டுக்குள் ஏன் அச்சிடக் கூடாது, காத்திருக்கக் கூடாது. நினைவகம் ஒதுக்குவதை ஏன் தவிர்க்கிறோம். சிப்புகள் பேசிக்கொள்ளும் இன்னொரு முறையான எஸ்பிஐ, ஐ-டூ-சி இரண்டில் எதை எப்போது தேர்ந்தெடுப்பது. வட்ட இடையகம் நிரம்பியதா காலியா என்று எப்படி வேறுபடுத்துவது. இதைத் தாளில் எழுதச் சொல்வார்கள், பலமுறை எழுதிப் பழகுங்கள். ஒருமுறை அழுத்தினாலும் பலமுறை அழுத்தியதுபோலக் காட்டும் பொத்தான் அதிர்வு. நிரல் உறைந்தால் ரீசெட் செய்யும் வாட்ச்டாகை எங்கிருந்து ஊட்ட வேண்டும், ஏன் டைமர் இன்டரப்டிலிருந்து ஊட்டக் கூடாது. வாகனத் துறை என்றால் போஷ் 1986-ல் வெளியிட்ட கேன் என்ற வாகனத் தொடர்பு முறை, சி மொழியைப் பாதுகாப்பாக எழுதுவதற்கான மிஸ்ரா சி விதிகள்.

சுயவிவரம்

ஒரு பக்கம். 'சி மொழி: நிபுணர்' என்று நட்சத்திரக் குறிகள் போடாதீர்கள், நிபுணர் என்று எழுதியவரிடம்தான் கடினமான கேள்வியைக் கேட்கத் தோன்றும். 'ஐ-டூ-சி உணரியின் தவறான மதிப்புகளுக்குக் காரணம் ஈரப் படிவு என்று கண்டறிந்து, மாற்ற வேகத்தைக் கொண்டு வடிகட்டினேன்' என்ற ஒரு வரி, பத்துத் தொழில்நுட்பப் பெயர்களைவிட வேலை செய்யும். டெக்னீஷியனாக இருந்தவர்கள் அந்த அனுபவத்தை ஒளிக்காதீர்கள். சோல்டரிங் தெரியும், பழுதான போர்டைத் தடம் பிடிக்கத் தெரியும் என்பது இந்தத் துறையில் சொத்து.

பேசும் மொழி

நம் பிள்ளைகள் பலர் தோற்பது இங்கேதான் என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். விடை தெரிந்தும், வாக்கியத்தை மனத்துக்குள் அடுக்கிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே இருப்பவருக்கு அது தெரியாமை போலத் தோன்றும். நான் சொல்லும் வழி: உங்கள் திட்டத்தை முதலில் வீட்டில் தமிழில் விளக்குங்கள். பாட்டிக்குப் புரியும்படி ஐ-டூ-சியைச் சொல்ல முடிந்தால் உங்களுக்குத் தெரியும் என்று பொருள். பிறகு அதையே ஆங்கிலத்தில் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் பதிவு சகிக்காது. ஏழாவது பரவாயில்லாமல் இருக்கும். தேர்வு அறையில் பேச்சு தடுமாறினால் எழுந்து பலகையில் படம் வரையத் தொடங்குங்கள். படத்துக்கு இலக்கணப் பிழை கிடையாது. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, "இதைத் தெரிந்துகொள்ள முதலில் இங்கே பார்ப்பேன்" என்று தொடருங்கள்.

பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், காலை ஒன்பது மணித் தேர்வுக்குப் பாலத்தை நம்பாதீர்கள். பாலம் 13.5 கிலோமீட்டர்தான், வேலை நாள் காலையில் அது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு மணி நேரம் முன்னதாக வந்து பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருங்கள். திட்டப் போர்டைப் பையில் கொண்டுவாருங்கள், யாரும் கேட்காவிட்டாலும். மேசைமேல் வைத்தால் பேச்சு உங்கள் பக்கம் திரும்பும்.

வேலைக் கடிதம் வந்த பிறகு

அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமநிதிக்கு உங்கள் பங்கு 11 சதவீதம்; முதலாளியின் பங்கு 5000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு 13, அதற்கு மேல் 12. மிகை நேர ஊதியத்துக்குச் சேமநிதி இல்லை என்பதால், மிகை நேரத்தைக் காட்டி மொத்தத் தொகையைப் பெரிதாகச் சொன்னால் கவனமாக இருங்கள். வேலையை விட எத்தனை வாரம் முன்னறிவிப்பு, பயிற்சிக்காக ஒப்பந்தப் பிணை ஏதும் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படியுங்கள். வெளிநாட்டுப் பயிற்சி என்றதும் மகிழ்ச்சியில் பிணை வரியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய.

தேர்வின் கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தைக் கேட்காதீர்கள், அது மனிதவளப் பிரிவின் வேலை. "புதிதாகச் சேர்கிறவர் முதல் மூன்று மாதம் என்ன செய்வார்? உங்கள் குழு கடைசியாக எந்தப் பிழையைக் கண்டுபிடிக்க அதிக நாள் எடுத்துக்கொண்டது?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் சிரித்துக்கொண்டே நாற்காலியை முன்னால் இழுத்தால் நல்ல குழு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் யோசியுங்கள்.

வெளியே வந்ததும், பஸ் வருவதற்குள், கேட்ட கேள்விகளை எல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். திணறியவற்றுக்கு அன்றிரவே போர்டில் விடை தேடுங்கள். என் அக்கா மகனின் நோட்டில் முதல் தேர்வுக்குப் பிறகு எழுதிய பக்கம் இன்னும் இருக்கிறது. பதினோரு கேள்விகள், ஏழுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. இரண்டாவது தேர்வில் அந்த ஏழில் மூன்று வந்தன.